தாங்குவதும் பிடிப்பதும்

பெரிய காஞ்சிபுரத்து வீதிகளில் ஓடும் வண்டிகளிலேயே மிகக் கனமானதற்கு ஸ்பிரிங் கிடையாது. பங்குனி உத்திரத் திருவிழாவில் ஏகாம்பரநாதர் தேர் ராஜ வீதிகளில் வரும்போது, சாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் சக்கரம் வழியே அச்சுக்கும், அச்சு வழியே மேலிருக்கும் சட்டத்துக்கும் அப்படியே போய்ச் சேர்கிறது. ஆனாலும் தேர் தாங்குகிறது. கட்டுமானம் பலமானது என்பது பாதிப் பதில்தான். தேர் மெதுவாகப் போகிறது என்பது மீதிப் பாதி.

வடம் பிடிப்பவர்களின் நடை மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அவ்வளவுகூட இராது. அதே வீதியில் ஒரு பழைய அம்பாசிடர் கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே மேட்டின் மீது ஏறினால் வேகம் 10 மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் சக்கரத்தை மேலே எறியும் விசை 100 மடங்கு ஆகிவிடுகிறது. மேட்டின் உயரம் மாறவில்லை. அதை ஏறி முடிக்கக் கிடைத்த நேரம்தான் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. குறிப்பிட்ட உயரத்தைக் குறைந்த நேரத்தில் ஏற வேண்டுமென்றால், தேவைப்படும் முடுக்கம் நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் கூடும். நம் பார வண்டிகளுக்கு வில் இல்லாமல் இருந்ததும், ஆள் ஏறிக் கொஞ்சம் விரைவாகப் போகும் வண்டி வில் வண்டியாக இருந்ததும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். மூட்டைகள் முனகுவதில்லை என்பதும் ஒரு காரணம்தான்.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைப் பேரவை ஒரு வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. வண்டிகள் மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய இடத்தில் மேட்டின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். இந்த அளவில் கட்டிய மேட்டை அதே வேகத்தில் கடந்தால், சக்கரத்தின் செங்குத்து முடுக்கம் ஏறத்தாழ புவியீர்ப்பு முடுக்கத்தில் 30 சதவீதம் வரும். நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் மேடுகளுக்கு எந்த வழிகாட்டுதலும் தெரியாது. உயரம் அதே 10 சென்டிமீட்டராக இருந்து அகலம் மட்டும் பாதியாகிவிட்டால் அடி நான்கு மடங்கு. புவியீர்ப்பையே தாண்டிவிடும். இந்த அடியை முதலில் வாங்குவது டயர். அடுத்து வாங்குவதைத்தான் சஸ்பென்ஷன் என்கிறோம். பட்டறையில் அதற்குப் பொதுப்பெயர் கிடையாது. பட்டை, ஷாக், புஷ், பால் ஜாயின்ட் என்று தனித்தனியாகத்தான் பேசுவார்கள். அப்படிப் பேசுவதே சரி என்பது போகப் போகத் தெரியும்.

அம்பாசிடரையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் நிறுத்தியது. இன்று ஓடும் எந்த அம்பாசிடரும் பத்து வயதைத் தாண்டியதுதான். இதன் முன்சக்கரங்களைத் தாங்குவது முறுக்குத் தண்டு. நீளமான எஃகுக் கம்பியின் ஒரு முனை வண்டிச் சட்டத்தில் இறுகியிருக்க, மறுமுனை சக்கரத்தின் கையோடு சேர்ந்து முறுகும். பின்னால் இருப்பது பழைய கமான் பட்டை: வளைந்த எஃகுப் பட்டைகளை நீளத்திலிருந்து குட்டை வரை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கிக் கட்டியது. மேலே இருக்கும் நீளமான பட்டைக்கு இரு முனையிலும் சுருட்டிவிட்ட கண் உண்டு. அந்தக் கண்ணுக்குள் புஷ் அடித்து, அதன் வழியேதான் முழுக் கட்டும் வண்டியோடு இணைகிறது. அதற்கு மெயின் பட்டை என்று பெயர்.

முகூர்த்த மாதங்களில் பட்டுப்புடவை எடுக்க வருகிற குடும்பங்கள் ஒரு காரில் எத்தனை பேர் ஏற முடியும் என்பதைக் காஞ்சிபுரத்து வாடகை வண்டிக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பதிவுச் சான்றிதழில் இருக்கும் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படி வருடக்கணக்கில் உழைத்த ஒரு வண்டி, பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்கிறது. மேடேற்றிக் கீழே பார்த்தால் மூன்றாவது பட்டை நடுவில் உடைந்திருக்கிறது. இனி இரண்டு விதமான யோசனை வரும். "ஒரு பட்டைதான் சார் போயிருக்கு, இப்போதைக்கு ஓடும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பது ஒன்று. "செட்டையே மாத்திடுங்க, தொல்லை விட்டுது" என்பது மற்றொன்று. முதல் யோசனை வண்டிக்காரருக்கு இனிக்கும். இரண்டாவது உதிரிபாகக் கடைக்காரருக்கு. இரண்டுமே உடைந்த பொருளைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. அந்தப் பொருள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் வேறு விடை வரலாம்.

சஸ்பென்ஷன் செய்யும் வேலைகள் மூன்று. வண்டியின் எடையைத் தாங்குவது முதலாவது. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் அதைப் பிடித்து வைப்பது இரண்டாவது. ஆட ஆரம்பித்ததை அடக்குவது மூன்றாவது. தாங்குகிற பாகம் உடைந்தால் வண்டி சாயும், தரை தட்டும், சத்தம் போடும், ஆனால் சக்கரம் தன் இடத்தில் இருக்கும். பிடிக்கிற பாகம் உடைந்தால் சக்கரம் தன் வழியே போகும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அதன்பின் வேலை இல்லை. அடக்குகிற பாகமான ஷாக் செத்தால் உடனே எதுவும் தெரியாது. பிரேக் அடித்தபின் வண்டி நிற்கும் தூரம் மெல்ல நீளும், அவ்வளவுதான். பழைய வண்டியில் எதை மாற்றுவது, எதைத் தள்ளிப்போடுவது என்ற முடிவில் எழுபது சதவீதம் இந்தப் பிரிவினையிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. இதற்கு ஆய்வுப் புள்ளிவிவரம் எதுவும் கேட்காதீர்கள்.

மீதியில் பெரும்பகுதி, குறையைச் சரியான பாகத்தின் மேல் சுமத்துவது. "பட்டை பழசாகி மெலிஞ்சு போச்சு, அதான் வண்டி குதிக்குது" என்று பலர் சொல்லக் கேட்கலாம். எஃகின் விறைப்பு வயதால் குறைவதில்லை. ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி, நீட்சி விசைக்கு நேர்விகிதம் என்கிறது. அந்த விகிதத்தை எஃகைப் பொறுத்தவரை தீர்மானிப்பது அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. இருபது வருடம் ஓடியதால் அது தளர்ந்துவிடாது. நீண்ட காலம் அதிகச் சுமை ஏற்றினால் வளைவு நிரந்தரமாகக் கொஞ்சம் நிமிர்ந்துபோகும். வண்டி தாழ்ந்து உட்காரும். ஆனால் இன்னொரு 100 கிலோ ஏற்றும்போது எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவேதான் இறங்கும். ஆகவே, வண்டி தாழ்ந்திருந்தால் பட்டையைப் பாருங்கள். குதித்துக்கொண்டே போனால் ஷாக்கைப் பாருங்கள். குதிக்கும் வண்டிக்குப் புதுப் பட்டை போட்டால், உயரமான இடத்திலிருந்து குதிக்கும்.

ஒரு விலக்கு உண்டு. துரு பட்டையைத் தின்று மெல்லிசாக்கினால் விறைப்பு உண்மையாகவே குறையும், அதுவும் நாம் நினைப்பதைவிட வேகமாக. வளையும் பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர் பட்டையில் அரை மில்லிமீட்டர் போனால், போனது எட்டு சதவீத இரும்பு; குறைந்த விறைப்பு 23 சதவீதம். அதே சுமைக்கு மேற்பரப்பில் ஏறும் தகைவு 19 சதவீதம் கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பட்டைகளுக்கு நடுவில் தண்ணீர் நின்றுகொண்டு செய்கிற வேலை இது.

ஷாக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பம்பரை அழுத்திவிட்டுக் கையை எடுப்பார்கள். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டால் நல்லது, ஆடிக்கொண்டே இருந்தால் போய்விட்டது என்று கணக்கு. கமான் பட்டை இருக்கும் பின்பக்கத்தில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை அடக்கிவிடும். ஷாக் முழுக்கச் செத்திருந்தாலும் கைக்குத் தெரியாது. எண்ணெய் கசிந்து உடம்பெல்லாம் அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே பயன்படும். ஷாக்கை இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. போனால் ஜோடியாக மாற்ற வேண்டியது.

உடைந்த பட்டைக்குத் திரும்புவோம். எஃகு ஏன் உடைகிறது என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1842 மே 8-ஆம் தேதி வெர்சாய் நகரிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் இன்ஜின் அச்சு உடைந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பிடித்ததில் 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடற்பயணங்களால் புகழ்பெற்ற டூமோன் துர்வில் அதில் குடும்பத்தோடு மாண்டுபோனார். ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பு படிகமாக மாறி நொறுங்குகிறது என்பது அன்றைய நம்பிக்கை. உடைந்த முகப்பு மினுமினுவென்று மணல்மணலாக இருந்ததால் வந்த எண்ணம் அது. ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் உடைந்த ரயில் அச்சுகளை ஆராய்ந்து வேறு விளக்கம் சொன்னார்: அச்சின் விட்டம் திடீரென்று மாறும் மூலையில் விரிசல் தோன்றி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்திருக்கிறது; இரும்பு மாறவில்லை. பிறகு 1850, 60-களில் பிரஷ்யா ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர், அச்சுகளை எந்திரத்தில் மாட்டிச் சுமையோடு லட்சக்கணக்கான தடவை சுழற்றிப் பார்த்தார். ஒருமுறை ஏற்றினால் எளிதாகத் தாங்கும் சுமையை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினால் எஃகு உடையும். சுமையைக் குறைத்தால் உடைவதற்கு முன் தாங்கும் தடவைகள் பெருமளவில் கூடும். எஃகைப் பொறுத்தவரை, ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே போனால் உடையாமலே ஓடும் நிலையும் வருகிறது.

நம் அம்பாசிடரின் பட்டை எத்தனை தடவை வளைந்திருக்கும்? ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் காரின் உடல் இயல்பாகவே நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை தடவை வரை ஏறி இறங்கும். வண்டியின் எடையால் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஒன்று, 11 சென்டிமீட்டர் அமுங்கினால் ஒன்றரை. மனித உடம்புக்கு நடையின் தாளம் பழக்கம் என்பதால் அதற்கு அருகில் வரும் இந்த மெதுவான ஆட்டம் உறுத்துவதில்லை. சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் 2 லட்சம் கிலோமீட்டர் ஓட 5,000 மணி நேரம் ஆகும், அதாவது 1 கோடியே 80 லட்சம் நொடிகள். குறைந்தபட்சம் அத்தனை தடவை பட்டை வளைந்து நிமிர்ந்திருக்கிறது. பெரும்பாலானவை சின்ன வளைவுகள், அவற்றால் சேதமில்லை. எண்ணிக்கையில் சொற்பமான பெரிய அடிகள்தான், மேற்சொன்ன ஓரிரவு மேடுகளும் முகூர்த்த நாள் சவாரிகளும்தான், ஆயுளைக் கரைத்தவை.

இப்போது ஒரு பட்டை உடைந்துவிட்டது. கணக்கை எளிதாக்க, ஒரே தடிமனில் ஏழு பட்டைகள் சுமையைச் சமமாகப் பங்கிட்டன என்று கொள்வோம். ஆறுதான் மிச்சம் என்றால் ஒவ்வொன்றின் மேலும் சுமை ஆறுக்கு ஏழு என்ற விகிதத்தில், ஏறத்தாழ 17 சதவீதம் கூடுகிறது. கேட்டால் பெரிதாகத் தெரியாது. ஆனால் வோலர் காட்டிய வளைகோட்டில் ஆயுள் தகைவின் ஐந்தாம் அடுக்கில் குறைகிறது என்று எடுத்துக்கொண்டால், மிச்சப் பட்டைகளின் மீதி ஆயுள் பாதிக்கும் கீழே போகிறது. இன்னொன்றும் உடைந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. முதல் பட்டை உடைய பத்து வருடம் ஆனது, அடுத்ததற்கும் பத்து வருடம் ஆகும் என்று எண்ணுகிறவர் இந்த இடத்தில் ஏமாறுகிறார். "இப்போதைக்கு ஓடும்" என்பது பொய்யில்லை. அந்த இப்போதைக்கு எவ்வளவு நீளம் என்பதில்தான் தவறு.

உடைந்த துண்டைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன் முகப்பை ஒருமுறை துடைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று வழவழப்பாக, துரு ஏறிக் கறுத்து, ஒரு புள்ளியைச் சுற்றி அடுக்கடுக்கான வளைகோடுகளோடு இருக்கும். விரிசல் மாதக்கணக்கில் நகர்ந்த பகுதி அது. வளைகோடுகளின் மையத்தைத் தேடினால் எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும். மற்றது சொரசொரப்பாகப் பளபளக்கும். மிச்சமிருந்த இரும்பு தாங்காமல் ஒரே நொடியில் பிய்ந்த இடம் அது. கறுப்புப் பகுதி முக்கால்வாசி இருந்தால், சுமை நியாயமாகவே இருந்திருக்கிறது, பட்டை கடைசி வரை உழைத்திருக்கிறது. பளபளப்பே பெரும்பகுதி என்றால் சின்ன விரிசலோடு பெரிய சுமை மோதியிருக்கிறது. அந்த வண்டியில் அடுத்த பட்டையும் நெடுநாள் நிற்காது.

எந்த இடத்தில் உடைந்தது என்பது இன்னும் முக்கியம். சென்டர் போல்ட்டுக்காகப் பட்டையின் நடுவில் ஒரு துளை இருக்கிறது. துளையின் ஓரத்தில் தகைவு குவியும் என்பது 1898-இல் கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டியது. பட்டையின் மிகப் பலவீனமான இடம் அதுதான். ஆனாலும் அங்கே உடையக் கூடாது. காரணம், யூ போல்ட்டுகள் அந்த இடத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும்வரை அங்கே பட்டை வளையவே முடியாது. வளையாத இடத்தில் களைப்பு இல்லை. யூ போல்ட் தளர்ந்தால் வளைவு துளைவரை நுழைகிறது. ஆகவே துளையில் உடைந்த பட்டை சொல்லும் சேதி, நட்டு தளர்ந்திருக்கிறது என்பது. இதைக் கவனிக்காமல் புதுப் பட்டை மட்டும் போட்டுத் தளர்ந்த யூ போல்ட்டையே திரும்ப மாட்டினால், அடுத்த உடைப்பும் அதே துளையில்தான். பட்டைக்கடை மட்டும் செழிக்கும்.

நடுப்பட்டை உடைந்தது தாங்கும் வேலையில் விழுந்த ஓட்டை. மெயின் பட்டை உடைந்தால் கதை வேறு. கமான் பட்டைக்கட்டு தாங்குவதோடு பிடிக்கவும் செய்கிறது. பின் அச்சு முன்னே பின்னே நகராமல், பக்கவாட்டில் விலகாமல் வைத்திருப்பது மெயின் பட்டையும் அதன் கண்களும்தான். காஞ்சிபுரத்தில் இதை விளக்கத் தறியே போதும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. ஒன்று அறுந்தால் நெசவாளர் முடிச்சுப் போட்டுவிட்டு நெய்துகொண்டே போவார். பாவை இழுத்துக் கட்டியிருக்கும் கயிறு அறுந்தால் மொத்தப் பாவும் தொய்ந்து, தறி அப்படியே நிற்கும். கயிறு ஒன்றுதான், இழைகள் பல. முன்பக்கக் கண்ணில் விரிசல் விட்ட மெயின் பட்டையோடு ஒரு சவாரிகூடப் போகக் கூடாது. ராணுவ ஜீப்புகளிலும் பல லாரிகளிலும் இரண்டாவது பட்டையின் முனையையும் மெயின் பட்டையின் கண்ணைச் சுற்றிச் சுருட்டிவிட்டிருப்பார்கள். மேலே உள்ள கண் உடைந்தாலும் கீழுள்ளது பிடித்துக்கொள்ளும். பிடிக்கிற வேலைக்கு மாற்று ஆள் இல்லை என்று அஞ்சியவர்கள் செய்த ஏற்பாடு.

முன்சக்கரத்து முறுக்குத் தண்டுக்கு வருவோம். அது முழுத்தண்டு; பட்டைகளைப் போல பங்காளிகள் கிடையாது. உடைந்தால் வண்டியின் அந்த மூலை பொத்தென்று ரப்பர் தடுப்பில் உட்கார்ந்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் தண்டு தாங்கும் பாகம்தான். சக்கரத்தைப் பிடித்திருக்கும் கைகள் அப்படியே இருக்கின்றன. மெதுவாக ஓரம்கட்ட முடியும். பயங்கரமாகத் தெரிவதும் ஆபத்தானதும் ஒன்றல்ல.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் பக்கத்துத் தயாரிப்பிலேயே இருந்தது. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், படப்பை வழியாகப் போகும் சாலை முடியும் இடம் வண்டலூர். இன்று ஒரகடம் முழுக்க வாகனத் தொழிற்சாலைகள்; அவை வருவதற்குப் பல்லாண்டு முன்பே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் கார் செய்துகொண்டிருந்தது. 1961-இல் அது வெளியிட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு. அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, வெண்கல வகை உலோகத்தில் செய்த ட்ரனியன் என்ற துண்டுக்குள் திருகியிருப்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு அந்த மரையில் சுழலும். அதற்குப் போட வேண்டியது 90 எண் கியர் ஆயில், கிரீஸ் இல்லை. மற்ற எல்லா இடத்துக்கும் கிரீஸ் அடிக்கிற கைகள் இதற்கும் கிரீஸையே அடித்தன. கிரீஸ் மரையின் அடிவரை போகாது, நாளடைவில் இறுகிவிடும், தண்ணீர் உள்ளே நிற்கும். மரையின் பள்ளத்தில் துரு, துருவில் விரிசல். வெளியிலிருந்து பார்த்தால் புதுசுபோல இருக்கும். சாயாது, சத்தம் போடாது. ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். உலகெங்கும் இந்தக் காரை இன்று வைத்திருக்கிறவர்கள் அந்தத் துண்டைக் கழற்றிப் பார்ப்பதைச் சடங்காகவே வைத்திருக்கிறார்கள்.

ஹெரால்ட் இப்போது கண்காட்சியில்தான் கிடைக்கும். ஆனால் அதன் பாடம் இன்றைய பழைய கார்களுக்கு இன்னும் பொருந்துகிறது. மாருதி 800, இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் செய்யப்பட்ட சான்ட்ரோ போன்றவற்றின் முன்சக்கரத்தை மேலே ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட்டும், கீழே ஒரே ஒரு பால் ஜாயின்ட்டும் பிடித்திருக்கின்றன. குண்டு தேய்ந்து குழிக்குள் ஆடத் தொடங்கினால் மேடு பள்ளத்தில் டொக் டொக் என்று சத்தம் வரும். ஒருகட்டத்தில் குழியை விட்டே வெளியே வந்துவிடும். விலை என்னவோ ஷாக்கைவிடக் குறைவு. வண்டி சாய்ந்திருப்பதைப் பொறுக்காமல் உடனே ஸ்பிரிங் மாற்றும் அதே ஆள், இந்தச் சத்தத்தை "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பதை விளங்கிக்கொள்வது கடினம்.

பணத்தைப் பேசாமல் இந்த முடிவு முடியாது. "வண்டியே அம்பதாயிரம் பெறாது, அதுக்கு எதுக்குப் புதுப் பட்டை" என்ற வாதத்தில் பிழை இருக்கிறது. வண்டியை விற்கும்போதுதான் அதன் சந்தை விலை முக்கியம். ஓட்டப் போகிறவர் ஒப்பிட வேண்டியது, பாகத்தின் விலையை, இந்த வண்டி இல்லாவிட்டால் வேறு வண்டிக்கு ஆகும் செலவோடு. 15 வருடம் கடந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனபோது பலர் முனகிக்கொண்டே கட்டினார்கள். தகுதிச் சான்றுக்குக் கட்டின பணத்தைவிட, தகுதிக்குச் செலவழிக்கும் பணம்தான் வீண் என்று தோன்றுவது விசித்திரம். மறுபக்கமும் உண்டு. சட்டமே துருப்பிடித்து, பட்டை மாட்டும் தாங்கி ஓட்டையாகியிருந்தால், புதுப் பட்டை அந்த வண்டியைக் காப்பாற்றாது. பாகத்தைப் பிடித்திருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாகத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்.

சென்னை புதுப்பேட்டையில் கழற்றின பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். மெயின் பட்டை, பால் ஜாயின்ட் போன்றவற்றை நான் வாங்க மாட்டேன். அதன் மீதி ஆயுள் கண்ணுக்குத் தெரியாது. முந்தைய வண்டியில் அது பட்டதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது இன்னும் மோசம். 0.6 சதவீதத்தை ஒட்டிக் கரி இருக்கும் ஸ்பிரிங் எஃகு, வெல்டிங் சூட்டில் பழுத்துச் சட்டென்று ஆறும்போது பற்றவைத்த ஓரம் கண்ணாடித் தன்மை அடைந்துவிடும். அடுத்த மேட்டில் பக்கத்திலேயே விரியும். தாழ்ந்த பட்டையைச் சுத்தியலால் அடித்து வளைவேற்றித் தருவது உண்டு; கைதேர்ந்தவர் செய்தால் கொஞ்ச காலம் நிற்கும். ஆனால் சுத்தியலின் ஒவ்வொரு தழும்பும் புது விரிசலுக்கு வாசல். உலையில் காய்ச்சி வளைத்தவர், எண்ணெயில் தோய்த்து மறுபடி பதம் வைக்காமல் கொடுத்தால் பட்டை வளைந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கும் கொல்லர்களுக்கு இந்தப் பதம் கையில் இருக்கும். அவர்களே விரிசல் உள்ள துண்டை எடுக்க மாட்டார்கள்.

விரிசலைக் கண்டுபிடிக்க மூன்று டப்பாக்களில் வரும் சாயம் கடையில் கிடைக்கிறது: முதலில் துடைக்க, பிறகு சிவப்புத் திரவம், கடைசியில் வெள்ளைத் தூள். இதன் முன்னோர் ரயில்வே பட்டறைகளில் பயன்பட்ட எளிய முறை. இரும்பைச் சுத்தமாகத் தேய்த்து மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்பு பூசிக் காயவிட வேண்டும். விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மட்டும் மெல்லக் கசிந்து வெள்ளையில் ஒரு கோடு போடும். நுண்துளை ஈர்ப்பு என்று பள்ளியில் படித்தது இங்கே வேலை செய்கிறது. பட்டையைக் கழற்றினால்தான் துளையின் ஓரமும் கண்ணின் உட்புறமும் தெரியும் என்பதால், உடைந்த மூன்றாவது பட்டைக்காகக் கட்டைப் பிரிக்கும் நாளே இதற்குச் சரியான நாள். மெயின் பட்டையில் கோடு விழவில்லை, மற்றவை துருவில் மெலியவில்லை என்றால் ஒரே ஒரு பட்டையை மாற்றிக் கட்டலாம். தடிமன் மட்டும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். தடிமன் கூடினால் அதே வளைவில் அதன் மேல் தகைவும் கூடி, புதியதே முதலில் உடையும். கோடு விழுந்துவிட்டால் முழுக்கட்டு. அப்போது மறுபக்கத்துக் கட்டையும் சேர்த்து மாற்றுவது நியாயம்தான், இல்லாவிட்டால் வண்டி எதிர்ப்பக்கம் சாயும்.

மாட்டும்போது இரண்டு விஷயத்தில் அவசரம் கூடாது. கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் நட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே கடைசி வரை இறுக்கிவிடுவது பட்டறை வழக்கம். அப்படி இறுக்கினால் வண்டியை இறக்கியவுடனே ரப்பர் முறுகின நிலையில் மாட்டிக்கொண்டு, நின்றிருக்கும்போதும் அதே முறுக்கில் இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, அதன் எடை பட்டையில் உட்கார்ந்த பிறகு அந்த நட்டை இறுக்கச் சொல்லுங்கள். யூ போல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள். பட்டைகளுக்கு நடுவே இருக்கும் பெயின்ட்டும் துருவும் ஓட ஓட நசுங்கி இடம் விடும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே பட்டறைக்குப் போய் அந்த நான்கு நட்டுகளையும் ஒருமுறை திருகிப் பார்க்க வேண்டும். எத்தனை புதிதாகக் கட்டினாலும் முதல் தடவை அவை கால் சுற்றாவது இடம் கொடுக்கும்.